நீர்நிலையில் நிற்போருக்கு எந்தக் கண்ணாடி?

மதுரையைச் சுற்றியுள்ள சமவெளி கண்மாய்களின் நிலம். கோடையில் நீர் வற்றத் தொடங்கியதும் மேலூர், நத்தம், சிங்கம்புணரிப் பக்கத்து ஊர்களில் மீன்பிடித் திருவிழாக்கள் நடைபெறுகின்றன. ஊத்தாவும் வலையும் ஏந்தி ஊரே கண்மாயில் இறங்கும். திருவிழா இல்லாத நாட்களிலும் மடையோரத்தில் தூண்டிலிட்டு விராலுக்கும் கெளுத்திக்கும் காத்திருப்போர் உண்டு. மண்டபம், பாம்பன் கடற்கரைகளிலிருந்து எங்களை நாடி வரும் மீனவர்களுக்கோ நீரின் மேல் கழியும் பகல்தான் பிழைப்பு. இவர்களும் இவர்களுடைய பிள்ளைகளும் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "தண்ணீரில் வெயில் தெறிக்கிறது, எந்தக் கூலிங் கிளாஸ் வாங்கலாம்?"

இதை அழகு சார்ந்த கேள்வி என்று ஒதுக்கிவிடும் வழக்கம் மருத்துவர்களிடமும் இருக்கிறது. அது சரியன்று என்பதே எங்கள் கருத்து. கொல்லருக்கும் பற்றவைப்பவருக்கும் கண்காப்பு வேண்டும் என்பதை ஏற்கும் நாம், நாள் முழுவதும் நீரைப் பார்த்து நிற்பவரின் கறுப்புக் கண்ணாடியை மட்டும் ஆடம்பரமாகக் கருதுவதில் நியாயம் இல்லை. மதுரை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 10 பாகையில் உள்ளது. ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் இறுதியிலும் நண்பகல் சூரியன் நம் தலைக்கு நேர்மேலே நிற்கிறது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். கடைகளில் 'போலரைஸ்டு' என்று ஒட்டப்பட்டிருக்கும் கண்ணாடி செய்யும் வேலை வேறு. புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி செய்யும் வேலை வேறு. நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியின் அதிர்வுகள் பெரும்பாலும் கிடைமட்டத் தளத்தில் அமைந்துவிடுகின்றன. பள்ளி இயற்பியலில் தளவிளைவு என்று படித்தது இதுதான். போலரைஸ்டு கண்ணாடி அந்தக் கிடைமட்ட ஒளியை மறித்துவிடுவதால் கூச்சம் குறைகிறது; நீருக்கடியில் கிடக்கும் பாறையும் முள்ளும் மீனின் நிழலும் தெரிகின்றன. சூரியன் அடிவானிலிருந்து சுமார் 37 பாகை உயரத்தில் இருக்கும்போது, அதன் தெறிப்பில் இப்பயன் உச்சத்தை எட்டும். சித்திரை மாதத்தில் நம் ஊரில் அது காலை ஒன்பதுக்குச் சற்று முன்பும் மாலை நான்குக்குச் சற்று முன்பும் ஆகும். தூண்டில்காரர்கள் நீரோரம் நிற்கும் வேளைகளும் பெரும்பாலும் அவையே.

ஆனால் கண்ணைக் காப்பது புற ஊதாத் தடுப்பு. 'யுவி 400' என்ற குறிப்பு உள்ளதா என்று கேளுங்கள். 400 நானோமீட்டர் வரையுள்ள புற ஊதாக் கதிர்களை அக்கண்ணாடி தடுக்கிறது என்பது அதன் பொருள். இத்தடுப்பு இல்லாத மலிவான கறுப்புக் கண்ணாடி கண்ணுக்கு நன்மை செய்யாது. இருட்டில் பாவை விரிவதுபோல் அதன் பின்னே பாவை விரிகிறது. விரிந்த வழியே கதிர் கூடுதலாக உள்ளே போகிறது. கறுப்பு எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு பாதுகாப்பு என்ற நம்பிக்கையை விட்டுவிட வேண்டும். போலரைஸ்டு தன்மையை வாங்குபவரே சோதிக்கலாம்: கைபேசித் திரையின் முன்னே கண்ணாடியைப் பிடித்து மெல்லச் சுழற்றினால் ஏதோ ஒரு கோணத்தில் திரை இருண்டுவிடும். புற ஊதாத் தடுப்பை வெறுங்கண்ணால் அறிய முடியாது. அதற்குரிய கருவி வைத்திருக்கும் கடையில் சோதித்து வாங்குங்கள்.

கண்ணின் வெள்ளைப் பகுதியிலிருந்து கருவிழி மீது சதை வளரும் நோயை மீனவர்களிடமும் உழவர்களிடமும் நாங்கள் மிகுதியாகக் காண்கிறோம். அது பெரும்பாலும் மூக்குப் பக்கத்திலேயே தோன்றும். பொட்டுப் பக்கத்திலிருந்து சாய்ந்து நுழையும் ஒளியைக் கருவிழியே வில்லைபோல் வளைத்து மூக்குப் பக்க ஓரத்தில் குவிப்பது இதற்கு ஒரு காரணம். ஆகவே சட்டத்தின் பக்கவாட்டு மறைப்பு கண்ணாடியின் நிறத்தைவிட முக்கியமானது. முகத்தோடு ஒட்டி நிற்கும் அகன்ற சட்டமும், விளிம்புள்ள தொப்பி அல்லது தலைப்பாகையும் சேர்ந்தால் பாதி வேலை முடிந்துவிடும். அதிகப் பவர் உள்ளவர்கள் மட்டும் மிக வளைந்த சட்டத்தைத் தவிர்க்க வேண்டும். ஓரங்களில் உருவம் கோணும்.

பவர் உள்ளவர்கள் செய்யும் பிழை ஒன்று எங்களுக்குக் கவலை தருகிறது. வீட்டில் பவர் கண்ணாடி, வெயிலில் பவர் இல்லாத கறுப்புக் கண்ணாடி என்று மாற்றிக்கொள்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து மகன் அன்போடு வாங்கி வந்ததாகவும் அது இருக்கும். கூச்சம் குறையும், ஆனால் வழுக்கும் படியும் தூண்டில் முள்ளும் மங்கலாகத் தெரியும். கண்ணில் முள் ஏறி வருவோருக்குச் சிகிச்சை அளித்தவர்கள் என்ற முறையில் சொல்கிறோம்: நீரோரத்தில் அணிவது பவருடன் கூடியதாகவும், உடைந்து சிதறாத பாலிகார்பனேட் வில்லையாகவும் இருக்கட்டும். நாற்பதைக் கடந்தவர்களுக்கு வெள்ளெழுத்தும் சேர்ந்துகொள்ளும். முள் கட்டக் கிட்டப் பவர் வேண்டும். கரை இறங்கும்போது அதே கிட்டப் பவர் வழியே கால் பக்கம் பார்த்தால் படியின் ஆழம் பிடிபடாது. இரட்டைப் பவர் கண்ணாடியில் கீழ்ப்பகுதியைச் சற்றுத் தாழ்த்தி அமைக்கச் சொல்லலாம். இறங்கும்போது தாடையைத் தாழ்த்தி மேற்பகுதி வழியே பார்க்கப் பழகவும் வேண்டும்.

நிறத்தைப் பற்றி நீண்ட விவாதம் வேண்டியதில்லை. கலங்கிய கண்மாய் நீருக்குப் பழுப்பு, திறந்த கடலுக்குச் சாம்பல். வெயிலில் தானே கறுக்கும் கண்ணாடிகள் நம் ஊர் வெப்பத்தில் போதிய அளவு கறுப்பதில்லை. அவற்றுள் பெரும்பாலானவை போலரைஸ்டும் அல்ல. படகில் இடங்காட்டிக் கருவி வைத்திருப்போர், போலரைஸ்டு கண்ணாடி வழியே அதன் திரை தெரிகிறதா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளட்டும். இருட்டியபின் இதை அணிந்து வண்டி ஓட்டவே கூடாது.

விலை குறித்த மறுப்பு நியாயமானது. பவருடன் போலரைஸ்டு வில்லை செய்வது செலவு மிக்கது. ஒரு பருவம் மீன்பாடு குறைந்தால் அடுப்பெரிவதே கடினமாகும் குடும்பத்தை இதை வாங்கச் சொல்லி நாங்கள் வற்புறுத்த மாட்டோம். புற ஊதாத் தடுப்புள்ள சாதாரண பவர் கண்ணாடியும் தொப்பியும் முதலில். இயன்றபோது அதன் மேல் மாட்டிக்கொள்ளும் போலரைஸ்டு தகடு. இந்த வரிசையைத் தலைகீழாக்கிப் பளபளப்புக்குப் பணம் கொடுப்பதைத்தான் நாங்கள் எதிர்க்கிறோம்.

இன்னொன்றைச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டியுள்ளது. சென்ற ஆண்டு கூசாத வெயில் இவ்வாண்டு கூசுகிறதென்றால், ஒவ்வொரு பருவத்திலும் இன்னும் அடர்ந்த கறுப்பைத் தேடுகிறீர்கள் என்றால், கடைக்குப் போகுமுன் எங்களிடம் வாருங்கள். கண்புரை தொடங்கும்போது, குறிப்பாக வில்லையின் பின்புறத்தில் படரும் வகையில், பார்வை மங்குவதற்கு முன்பே கூச்சம்தான் முந்திக்கொள்ளும். கறுப்புக் கண்ணாடி அதை மறைத்து வைக்கிறது, நாள் கடக்கிறது. 1976-இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய ஊர் இது. கண்புரைச் சிகிச்சைக்கு உலகெங்கிலுமிருந்து மருத்துவர்கள் வந்து பயிலும் ஊரில், முற்றிய புரையோடு ஒருவர் படகோட்டிக்கொண்டிருப்பதை ஏற்க மனம் ஒப்பவில்லை. கூச்சத்தோடு வலியும் சிவப்பும் இருந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

அறுவைசிகிச்சைக்குப் பின் தரப்படும் கறுப்புக் கண்ணாடியை ஆண்டுக்கணக்கில் அணிந்திருப்போரையும் பார்க்கிறோம். அது ஆறும் நாட்களுக்கானது, பவர் அற்றது. மருத்துவர் சொல்லும்வரை கண்மாய் நீர் கண்ணில் படாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். கூட இருந்து கவனிப்பவர்கள் இதில் சற்றுக் கண்டிப்பாக இருக்கலாம். திருவிழா என்றால் எழுபது வயதிலும் ஊத்தாவைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

வாங்கிய கண்ணாடியை வேட்டி முனையால் துடைக்க வேண்டாம். உப்பும் மணலும் வில்லையைக் கீறும். நல்ல நீரில் அலசிய பின்பே மென்துணி. வெயிலில் நிற்கும் வண்டியின் மேல் வைத்தால் உள்ளிருக்கும் மென்படலம் பிரியக்கூடும். பின்கழுத்தில் ஒரு கயிறு கட்டிக்கொள்வது நல்லது. கடலில் விழுந்த கண்ணாடி திரும்பாது.

பவர் சோதனைக்கு வரும்போது, செய்யும் தொழிலை எங்களிடமும் கண்ணாடிக் கடையிலும் கேட்காமலே சொல்லுங்கள். பழைய கண்ணாடியைக் கொண்டுவாருங்கள். முள் கட்டும்போதும் வலை பின்னும்போதும் கண்ணுக்கும் கைக்கும் இடையே உள்ள தொலைவை வீட்டிலேயே ஒரு நூலால் அளந்து, அந்த நூலையும் எடுத்து வாருங்கள். கிட்டப் பவரை அந்த அளவுக்கே குறித்துத் தருவோம்.