காற்றை அளக்காமல் ஆளை இறக்கினால் அது விபத்து இல்லை!



2025 செப்டம்பர். தூத்துக்குடி பழைய துறைமுகம். ஒரு பார்ஜின் பேலஸ்ட் தொட்டியைச் சுத்தம் செய்யும் வேலை. மூன்று தொழிலாளர்கள் மூச்சுத்திணறி இறந்தார்கள்.

செய்தி ரெண்டு நாள் ஓடுச்சு. அப்புறம் அடுத்த செய்தி வந்துடுச்சு.

இந்த மாதிரி சாவு எங்கே நடந்தாலும் கூடவே ரெண்டு வார்த்தை ஒட்டிக்கிட்டு வரும். ஒன்று "விஷவாயு தாக்கி". இன்னொன்று "கவனக்குறைவால்". முதல் வார்த்தை பழியைக் காற்றின் மேல் போடுது. ரெண்டாவது வார்த்தை செத்தவன் மேலேயே போடுது. ஆளை உள்ளே அனுப்பியவர் பெயர் மட்டும் எதிலேயும் வராது. கவனிச்சீங்களா?

கழிவுநீர்த் தொட்டி மரணத்தை "விபத்து" என்று எழுதாதே என்று எத்தனை வருஷமா கத்திக்கிட்டு இருக்கோம்? கப்பல் தொட்டிக்கும் அதே நியாயம்தான்.

முதலில் "விஷவாயு" கதையைப் பார்ப்போம்.

பல நேரம் அங்கே விஷவாயுவே தேவைப்படாது. இரும்பு, ஈரம், ஆக்ஸிஜன் மூன்றும் சேர்ந்தால் துரு. பள்ளிக்கூட வேதியியல். மூடிக் கிடக்கிற இரும்புத் தொட்டியில் துரு பிடிக்கப் பிடிக்க, உள்ளே இருக்கும் ஆக்ஸிஜனை அந்த இரும்பே தின்றுவிடும். நங்கூரச் சங்கிலி சுருட்டி வைக்கிற அறையிலும் இதே கதைதான். சரக்கும் சும்மா இருக்காது. நிலக்கரி ஆக்ஸிஜனை உறிஞ்சும், கார்பன் மோனாக்ஸைடையும் மீத்தேனையும் விடும். மரத்தடி ஆக்ஸிஜனைக் குடிக்கும். பழைய இரும்பும் அப்படித்தான். நிலக்கரியும் மரத்தடியும் தூத்துக்குடிக்குத் தினப்படி விஷயம்.

நாம் சுவாசிக்கும் காற்றில் ஆக்ஸிஜன் சுமார் 21 சதவீதம். 16-க்குக் கீழே போனால் மூளை தடுமாறும், சரியாக முடிவெடுக்க முடியாது. 10-க்குக் கீழே மயக்கம். 6-க்குக் கீழே போனால் ஒன்றிரண்டு மூச்சிலேயே ஆள் சரிவார், சில நிமிடங்களில் உயிர் போகும். இருமல் வராது, கண் எரியாது, நாற்றம் அடிக்காது. ஆக்ஸிஜன் இல்லாத காற்று பார்க்கச் சாதாரணக் காற்று மாதிரியே இருக்கும்.

ஹைட்ரஜன் சல்ஃபைடு இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் வரும், அதை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். அளவு கூடினால் அந்த வாயு முதலில் கொல்வது மூக்கின் உணர்வைத்தான். நாற்றம் நின்றுவிட்டது, சரியாகிவிட்டது என்று நினைக்கிற நேரத்தில்தான் ஆபத்து உச்சத்தில் இருக்கும்.

அப்போ மனுஷன் கண்ணாலும் மூக்காலும் கண்டுபிடிக்கவே முடியாத ஒன்றை, கருவி வைத்து அளக்காமல் ஒருவரை உள்ளே இறக்கிவிட்டு, அவர் செத்த பிறகு "கவனக்குறைவு" என்றால், யாருடைய கவனக்குறைவு?

அடுத்த கேள்வி: ஏன் எப்பவும் ரெண்டு பேர், மூணு பேராகச் சாகிறார்கள்?

உள்ளே விழுந்தவரைத் தூக்க இன்னொருவர் இறங்குகிறார். அவரும் விழுகிறார். அவரைத் தூக்க மூன்றாவது ஆள். உலகம் முழுக்க இதே வரிசைதான். "படிக்காதவங்க, ஆர்வக்கோளாறுல இறங்கிட்டாங்க" என்று சொல்கிறவர்களுக்கு ஒரு உதாரணம்.

2007 செப்டம்பர். வட கடலில் 'வைக்கிங் ஐலே' என்ற பிரிட்டிஷ் கப்பல். அது மீட்புக் கப்பல். ஆபத்தில் இருப்பவர்களைக் காப்பாற்றுவதே அதன் தொழில். ஓயாமல் சத்தம் போட்ட நங்கூரச் சங்கிலியைக் கட்டிவைக்க ஒரு மாலுமி சங்கிலி அறைக்குள் இறங்கினார், சரிந்தார். கூட இருந்தவர் உதவிக்குக் குரல் கொடுத்துவிட்டு அவரும் இறங்கினார், சரிந்தார். மூன்றாவதாக வந்தவர் சுவாசக் கருவியைப் போட்டுக்கொண்டு நுழையப் பார்த்தார். அந்தச் சின்ன வாய்க்குள் கருவியோடு நுழைய முடியவில்லை. தீ விபத்தில் தப்பி ஓடுவதற்காகக் கொடுக்கப்படும் சின்ன முகமூடியை மாட்டிக்கொண்டு இறங்கினார். அது தலையிலிருந்து விலகியது. மூன்று பேரும் இறந்தார்கள்.

பயிற்சி பெற்ற மீட்புப் பணியாளர்களுக்கே இந்த நிலைமை. 2014 மே மாதம் இங்கிலாந்தின் கூல் துறைமுகத்தில் 'சன்டிஸ்' என்ற கப்பல், மரம் ஏற்றி வந்தது. சரக்கு அறைக்கு இறங்கும் வழியிலேயே மூன்று பேர் பலி. நண்பன் கண் முன்னால் விழும்போது சும்மா நிற்க எந்த மனுஷனாலும் முடியாது. அது குற்றம் இல்லை, அதுதான் மனுஷத்தனம். அந்த மனுஷத்தனம் சாவாக மாறாமல் இருக்கத்தான் விதிகள் இருக்கு.

இருக்கா? இருக்கு. வரிசையாகப் பாருங்க.

- 1948 தொழிற்சாலைகள் சட்டம், 36-வது பிரிவு: வாயு இருக்க வாய்ப்புள்ள தொட்டிக்குள், தகுதியுள்ளவர் சோதித்து எழுத்தில் சான்று தராமல் ஆள் இறங்கக் கூடாது. இல்லையென்றால் சுவாசக் கருவியும் இடுப்புப் பட்டையும் வேண்டும். பட்டையில் கட்டிய கயிற்றின் மறுமுனை வெளியே நிற்பவர் கையில் இருக்க வேண்டும்.
- 1986 துறைமுகத் தொழிலாளர் பாதுகாப்புச் சட்டம்: கப்பலின் சரக்கு அறையையும் தொட்டியையும் சுரண்டுவது, பெயின்ட் அடிப்பது, சுத்தம் செய்வது எல்லாமே 'துறைமுக வேலை' என்று விளக்கத்திலேயே எழுதி வைத்தது.
- 2011: மூடிய இடங்களுக்குள் நுழைவது பற்றி சர்வதேச கடல்சார் அமைப்பின் திருத்திய பரிந்துரைகள்.
- 2015 ஜனவரி 1 முதல்: இந்தப் பொறுப்பில் இருக்கும் கப்பல் பணியாளர்களுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நுழைவு, மீட்பு ஒத்திகை கட்டாயம்.
- 2016 ஜூலை 1 முதல்: ஆக்ஸிஜன், எரியும் வாயு, ஹைட்ரஜன் சல்ஃபைடு, கார்பன் மோனாக்ஸைடு நான்கையும் அளக்கும் கையடக்கக் கருவி கப்பலில் கட்டாயம்.

கடைசி இரண்டும் 'சோலாஸ்' என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் விதிகள். அது நாடு விட்டு நாடு போகும் கப்பல்களுக்கானது. துறைமுகத்துக்குள்ளேயே ஓடும் சின்னக் கலத்துக்கு அது வராது. வெளிநாட்டுக் கப்பலில் கேஸ் மீட்டர் இருக்கும். பக்கத்தில் கட்டியிருக்கும் பார்ஜில் காண்ட்ராக்டர் கூட்டி வந்த தினக்கூலிக்கு என்ன இருக்கும்? ஒரு வாளி, ஒரு டார்ச் லைட். நுரையீரல் ரெண்டு பேருக்கும் ஒண்ணுதானே!

கடலில் மாலுமி இறந்தால் ஒரு துறை. பெரிய துறைமுகத்தில் தொழிலாளி இறந்தால் மத்திய அரசு. சின்னத் துறைமுகம் என்றால் மாநில அரசு. 1948, 1986 சட்டங்களையும் சேர்த்து 13 சட்டங்களைக் கரைத்து ஒரே சட்டத்தொகுப்பாக்கி 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். சட்டப் புத்தகத்தின் அட்டை மாறினால் தொட்டிக்குள் ஆக்ஸிஜன் ஏறிடுமா?

"செலவாகும், நேரமாகும்" என்பார்கள். நாலு வாயுவை அளக்கும் மீட்டர் ஒரு நல்ல செல்போன் விலைக்குள் வந்துவிடும். மூடியைத் திறந்து, ஃபேன் போட்டுக் காற்று செலுத்தி, மேலே, நடுவே, அடியில் என மூன்று மட்டத்திலும் அளக்க ஆவது நேரம் மட்டும்தான். கப்பல் காத்திருந்தால் முதலாளிக்குப் பணம் போகும். அந்தப் பணத்தை மிச்சம் பிடிக்கத்தான் உயிரைப் பணயம் வைக்கிறார்கள்.

"மாஸ்க் கொடுத்தோமே" என்பார்கள். சாதாரண ஃபில்டர் மாஸ்க் காற்றை வடிகட்டும். இல்லாத ஆக்ஸிஜனை உண்டாக்காது. சிலிண்டரோடு கூடிய சுவாசக் கருவி இல்லாமல் மீட்புக்கு இறங்குவது இன்னொரு பிணத்தைச் சேர்ப்பதுதான்.

"அவனா போய் இறங்கினான்" என்பார்கள். இறங்க மாட்டேன் என்று சொன்னால் நாளைக்கு வேலை உண்டா? இதற்கு மட்டும் பதில் சொல்லுங்க சார்.

நாம் மத்திய, மாநில அரசுகள் இரண்டிடமும் கேட்பது ஐந்தே ஐந்து.

1. இறங்குவதற்கு முன் எழுத்து அனுமதிச் சீட்டு. அளந்த எண்கள், நேரம், கையெழுத்தோடு தொட்டி வாயிலேயே ஒட்ட வேண்டும். தொழிலாளி தமிழ் படிப்பவர் என்றால் தமிழில், இந்தி படிப்பவர் என்றால் இந்தியில்.
2. பார்ஜ், இழுவைப் படகு, பழுதுபார்க்கும் இடம் எதுவானாலும் கேஸ் மீட்டர் கட்டாயம். சரிபார்த்த தேதி அதில் இருக்க வேண்டும்.
3. வாயிலில் ஒருவர் காவல். அவர் வேலை கண்காணிப்பதும் ஆள் கூப்பிடுவதும் மட்டுமே, உள்ளே போவதில்லை. சுவாசக் கருவியும் தூக்கும் கயிறும் தயாராக இல்லாமல் வேலை தொடங்கக் கூடாது. கப்பலில் நடக்கும் ஒத்திகை துறைமுகத் தொழிலாளிக்கும் வேண்டும்.
4. எந்தத் துறையின் கணக்காக இருந்தாலும், மூடிய இடத்தில் நடந்த ஒவ்வொரு மரணமும் ஒரே பொதுப் பதிவேட்டில் ஏற வேண்டும். விசாரணை அறிக்கை வெளிவர வேண்டும்.
5. வழக்கு மேஸ்திரி மேல் மட்டும் போடாதே. கலத்தின் உரிமையாளர், வேலை கொடுத்த நிறுவனம் வரை போக வேண்டும்.

கழிவுநீர் மரணங்களுக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று உச்ச நீதிமன்றம் 2023-ல் சொன்னது. பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு வந்தது அது. கப்பல் தொட்டியில் இறந்தவரின் குடும்பத்துக்கு அந்தத் தீர்ப்பு பொருந்தாது. அந்தப் போராட்டத்தை இனிமேல்தான் நடத்த வேண்டும். ஆனா இழப்பீடு வாங்கிக் கொடுப்பது நம்ம இலக்கு இல்லை. இழப்பே வரக் கூடாது.

தூத்துக்குடி, நாகை, கடலூர், எண்ணூர், குமரி தோழர்களே! உங்க ஊரில் கப்பலிலும் துறைமுகத்திலும் வேலை பார்க்கும் அண்ணன் தம்பிகளிடம் இதைக் கொண்டு போங்க. ரெண்டே வரி போதும்:

அளக்காத தொட்டிக்குள் இறங்காதே.
உள்ளே ஒருவர் விழுந்தால் நீ குதிக்காதே, முதலில் ஆளைக் கூப்பிடு.

முதல் வரியைச் சொல்லும் தொழிலாளியின் வேலை போகாமல் பார்த்துக்கொள்வது நம்ம வேலை. அதற்குத்தான் சங்கம், அதற்குத்தான் கட்சி.

பகிருங்கள். கேள்வி கேளுங்கள்.

#காற்றை_அளந்து_ஆளை_இறக்கு
#விபத்து_இல்லை_அலட்சியம்