மாடி இல்லாதவருக்கு என்ன வழி?

வீட்டு மாடியில் சூரிய மின்தகடு அமைக்க மத்திய சர்க்கார் 2024 பிப்ரவரியில் 'சூர்ய கர்' திட்டத்தைத் தொடங்கியது. மான்யம் 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய். 3 கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் 78,000. நல்லது. யாருக்கு லாபம்?

1 கிலோவாட் தகடு இரண்டு மாதத்தில் சுமார் 240 யூனிட் தரும். தமிழ்நாட்டில் இரு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். ஆகவே 200 யூனிட்டுக்குள் செலவிடும் தொழிலாளி தகட்டுக்காகக் கடன்படுவது வீண். 75 வாட் மின்விசிறியை மாற்றி, 30 வாட்டில் சுற்றும் புதுவகை விசிறியைப் போடுவதே அவருக்கு முதல் வேலை.

500 யூனிட்டைத் தாண்டும், சொந்த மாடியுள்ள குடும்பம் தகடு போடலாம். ஆனால் 2011-இல் தானே புயல் புரட்டிய கடலூரில், தளத்தோடு இறுகப் பிணைத்தே போட வேண்டும். ஊரில் மின்சாரம் நின்றால், பாட்டரியில்லாத தகடும் நின்றுவிடும் என்பதையும் அறிந்திருக்க வேண்டும்.

சிதம்பரத்தில் வாடகைக்கு இருப்பவருக்கும், கடலோரக் குடிசைவாசிக்கும் என்ன வழி? நெய்வேலிச் சுரங்கத்துக்கு நிலம் தந்த மாவட்டம் இது. பள்ளி, ஆஸ்பத்திரி மாடிகளில் பொதுச் செலவில் தகடு அமைத்து, அந்த யூனிட்டுகளை அவர்கள் கணக்கில் கழிக்க வேண்டும். டில்லியில் இத்தகைய கணக்குமுறைக்கு 2019-லேயே விதி வகுத்தார்கள். மாடி இல்லாதவருக்கும் வெயிலில் பங்குண்டு. அதைக் கேட்டுப் பெறுவோம்!