வரைபடத்தின் தலை எந்தத் திசை?



இராமேசுவரம் தீவின் கடற்கரை ஊர் ஒன்றில், மீனவர் ஒருவருடைய இல்லத் திண்ணையில் அண்மையில் அமர்ந்திருந்தோம். நாற்பது ஆண்டுகளாகக் கடலுக்குச் செல்லும் அப்பெரியவர், தமக்கு நேர்ந்ததைச் சற்று வெட்கத்துடனேயே நம்மிடம் கூறினார்.

பாக்கு நீரிணையில் வலை இழுத்துவிட்டு, தெற்கு நோக்கிக் கரை திரும்பிக்கொண்டிருந்த இரவு அது. முகில் மூடியதால் விண்மீன் ஒன்றும் தெரியவில்லை. திசைகாட்டிப் பெட்டியின் விளக்கும் எரியவில்லை. அதுவரை சுக்கான் பிடித்த மகன் களைப்பால் உறங்கிவிட, தந்தை அவ்விடத்தில் அமர்ந்தார். எதிரே மகனுடைய கைப்பேசியில் கடல் வரைபடம் ஒளிர்ந்தது. பெரிதாக்கிய படமாதலால் கரை அதில் தெரியவில்லை. படகின் குறியும் எல்லைக்கோடும் மட்டுமே தெரிந்தன. நம் கடலுக்குக் கிழக்கே, படத்தின் வலப்புறம் இருக்க வேண்டிய கோடு இடப்புறம் இருந்தது. 'ஐயோ, எல்லையைத் தாண்டிவிட்டோமே!' என்று பதறியவர், மேற்கே போவதாக எண்ணிப் படகை இடப்பக்கம் திருப்பினார். சிறிது நேரத்தில் படகின் முகப்புக்கு நேரே வானம் வெளுத்தது. முதுகுப்புறம் விடிய வேண்டிய பொழுது முகத்துக்கு எதிரே விடிந்தது! விழித்தெழுந்த மகன், "அப்பா, கோட்டை நோக்கியல்லவா போகிறோம்!" என்று கூவிச் சுக்கானைத் திருப்பினான். எல்லைக்கு அப்பால் அகப்பட்டிருந்தால் கைது, படகுப் பறிமுதல், பசித்த குடும்பம். அக்கரை மக்கள் இதனை நன்கு அறிவர்.

"படத்தை நம்பித்தான் திருப்பினேன், சாமி. படமே திரும்பியிருந்தது எனக்குத் தெரியவில்லை" என்றார் பெரியவர்.

பிழை எங்கே நேர்ந்தது? ஒரே செயலியில் வரைபடத்தை இரு வகையாக வைத்துக்கொள்ளலாம். ஒன்றில் வடக்கு எப்போதும் மேலே நிற்கும். படகின் குறி மட்டும் திரும்பும். மற்றொன்றில் படகு செல்லும் திசையே மேலே நிற்கும். படகு திரும்பத் திரும்ப வரைபடம் சுழலும். திரையின் இடப்புறம் கடலிலும் இடப்புறமே ஆதலால், சுக்கான் பிடிப்பவருக்கு இரண்டாம் வகை எளிது. மகன் அதனை வைத்திருந்தான். தந்தையோ முதல் வகைக்குப் பழகிய கண்ணால் அதனைப் படித்தார். தெற்கே செல்லும் படகுக்குக் கிழக்கு இடப்புறந்தானே! கருவியும் பொய் சொல்லவில்லை. மனிதரும் அறிவிலி அல்லர். இருவரும் வெவ்வேறு மொழி பேசினர், அவ்வளவே.

வடக்கை மேலே வைப்பது இயற்கையின் சட்டமன்று. மனிதர் கொண்ட வழக்கமே. அரபு அறிஞர் அல் இத்ரீசி 1154-இல் முடித்த உலகப்படத்தில் தெற்கு மேலே இருந்தது. இடைக்கால ஐரோப்பியக் கிறிஸ்தவர்கள் வரைந்த உலகப்படங்கள் பலவற்றில் கிழக்கே மேலிடம் பெற்றது. ஆதலால் எந்தப் படத்தையும் கையில் எடுத்தவுடன், 'இதன் தலை எந்தத் திசை?' என்று கேட்பதே முதற்பாடம்.

இந்தியாவும் இலங்கையும் 1974, 1976 ஆகிய ஆண்டுகளில் செய்துகொண்ட உடன்பாடுகளால் வகுக்கப்பட்ட கடல் எல்லையை நீரில் யாரும் காண இயலாது. எனவேதான் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் 'ஃபிஷர் ஃப்ரெண்ட்' போன்ற செயலிகள், எல்லையை நெருங்கும்போது எச்சரிக்கின்றன. நல்ல துணையே, ஆயினும் துணையின் மொழியை அறிந்துகொள்வது நம் கடமை.

நடைமுறைக்குச் சில சொற்கள். கூகுள் வரைபடத்தில் படம் திரும்பியிருந்தால் சிறு திசைகாட்டிக் குறி ஒன்று தோன்றும். அதன் சிவப்பு முனை வடக்கு. அதனைத் தொட்டால் வடக்கு மீண்டும் மேலே வரும். நாம் பயன்படுத்தும் செயலியில் அத்தகைய குறி எங்குள்ளது என்பதைக் கரையிலேயே தேடிப் பழகுக. ஆடும் படகில் திரை நெடுக்காகவும் குறுக்காகவும் தானே மாறாதபடி பூட்டி வைக்க. இரவில் கறுப்புப் பின்னணியுள்ள அமைப்பைத் தேர்ந்துகொள்க. வெண்திரையின் கூச்சம் இருளில் கடலைக் காணும் கண்ணைக் கெடுக்கும். கைப்பேசியை இரும்புக்கும் காந்தத்துக்கும் அருகில் வைக்காதீர். அதனுள் இருக்கும் திசையுணர் கருவி தடுமாறும். ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்குச் சுக்கான் மாறும்போது, 'படம் இப்போது இப்படி இருக்கிறது' என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுக.

இறுதியாக இளைஞர்களுக்கு ஒன்று. வீட்டில் பெற்றோர் கைப்பேசியைப் பற்றிக் கேட்டால், வெடுக்கெனப் பிடுங்கி நான்கு முறை தட்டிவிட்டுத் திருப்பிக் கொடுக்கிறீர்கள். எதை மாற்றினீர்கள், ஏன் மாற்றினீர்கள் என்று சொல்வதில்லை. வாடையையும் கொண்டலையும் கச்சானையும் முகத்தில் படும் விதத்தாலேயே உங்களுக்கு அறிமுகம் செய்தவர் உங்கள் தந்தை. அதற்கு அவர் எடுத்துக்கொண்ட பொறுமையில் பத்தில் ஒரு பங்கையேனும் அவருக்குத் திருப்பித் தரலாகாதா?

அந்தத் திண்ணையில் நாம் விடைபெற்றபோது, மகன் தந்தையின் அருகில் அமர்ந்து அந்தச் சிறு குறியை மீண்டும் மீண்டும் தொட்டுக் காட்டிக்கொண்டிருந்தான். பெரியவரோ, விடிவெள்ளி எப்பக்கம் எழும் என்பதை அவனுக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.