பஸ் டிரைவருக்கும் வேகச் சீட்டு உண்டு! அபராதம் யார் தலையில்?

சென்னை,

காலை 9 மணி. அண்ணா சாலை. வேகமாக வந்த ஸ்கூட்டர்காரரை ஓரம் கட்டச் சொல்கிறார் போக்குவரத்து போலீஸ்காரர். கையில் இருக்கும் மெஷினைத் தட்டுகிறார். அபராதச் சீட்டு வந்து விழுகிறது.

அதே நேரம் பக்கத்தில் 'சர்'ரென்று ஒரு பஸ் பறக்கிறது. படிக்கட்டில் நாலு பேர் தொங்குகிறார்கள்.

"என்னை மட்டும் புடிக்கிறீங்களே சார்... அந்த பஸ்சை யாரும் கேக்க மாட்டீங்களா?"

சென்னையில் அடிக்கடி காதில் விழும் கேள்வி இது. "கவர்மெண்டு பஸ்சை கவர்மெண்டு போலீஸ் எப்படிப் புடிக்கும்?" என்று டீக்கடையிலேயே தீர்ப்பும் சொல்லி விடுகிறார்கள்.

அந்தத் தீர்ப்பு தப்பு. பஸ் டிரைவருக்கும் வேகத்துக்காக அபராதம் போடலாம். அரசு பஸ், தனியார் பஸ், கம்பெனி பஸ், பள்ளிக்கூட பஸ் எல்லாவற்றுக்கும் ஒரே சட்டம்தான். அவசரமாகப் போக சலுகை உள்ளது ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி போன்றவற்றுக்குத்தான். அந்தப் பட்டியலில் பஸ் இல்லை.

எவ்வளவு அபராதம்?

மோட்டார் வாகன சட்டம் 1988-ம் ஆண்டு வந்தது. அதில் 112-வது பிரிவு வேக வரம்பைச் சொல்கிறது. மீறினால் என்ன தண்டனை என்பது 183-வது பிரிவில் இருக்கிறது.

2019-ல் சட்டத்தைத் திருத்தி அபராதத்தை ஏற்றினார்கள். கார் போன்ற இலகு ரக வண்டிக்கு 1,000 ரூபாய் முதல் 2,000 ரூபாய் வரை. பஸ், லாரிக்கு அதைப்போல இரண்டு மடங்கு. அதாவது 2,000 முதல் 4,000 ரூபாய் வரை. மறுபடியும் மாட்டினால் டிரைவரின் லைசென்சையே வாங்கி வைத்துக் கொள்ளலாம்.

சென்னை நகருக்குள் கனரக வண்டிகளுக்கு 50 கிலோ மீட்டர், குடியிருப்புப் பகுதிகளில் எல்லா வண்டிக்கும் 30 கிலோ மீட்டர் என்று 2023 நவம்பரில் போலீசார் அறிவித்தார்கள்.

"பஸ்சில்தான் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி இருக்கிறதே?" என்று கேட்கலாம். அந்தக் கருவிக்கு மத்திய அரசு விதி வைத்த உச்சம் 80. ஊருக்குள் 50-ஐத் தாண்டினால் அது தடுக்காது. டிரைவரின் கால்தான் தடுக்க வேண்டும்.

கண்ணால் பார்த்தால் போதாது

ஒரு போலீஸ்காரர் பார்த்துவிட்டு, "வேகமாகத்தான் போனான்" என்று சொன்னால் மட்டும் கோர்ட்டில் கேஸ் நிற்காது. ஒரே ஒரு சாட்சியின் அபிப்பிராயத்தை வைத்து வேகத்துக்காகத் தண்டிக்கக் கூடாது என்று அதே 183-வது பிரிவு சொல்கிறது. கருவி வைத்து அளந்த கணக்கு இருக்க வேண்டும். ரேடார் துப்பாக்கியும் கேமராவும் அதற்குத்தான்.

கேமரா பிடிப்பது டிரைவரின் முகத்தை அல்ல, வண்டி நம்பரை. நோட்டீசு வண்டி யார் பேரில் இருக்கிறதோ அவருக்குப் போகும். அரசு பஸ் என்றால் போக்குவரத்துக் கழகத்துக்கு.

அங்கே "யார் ஓட்டினார் என்று தெரியாது" என்று கையை விரிக்க முடியாது. போலீசார் கேட்டால் டிரைவரின் பெயர், விலாசம், லைசென்ஸ் விவரத்தை உரிமையாளர் கொடுத்தே தீர வேண்டும் என்கிறது 133-வது பிரிவு. டெப்போவில் டியூட்டி கணக்கு இருக்கிறது. எந்த நாள், எந்த பஸ், எந்த டிரைவர் என்று ஐந்து நிமிடத்தில் எடுத்து விடலாம்.

2024-ல் நடந்தது என்ன?

பஸ்சுக்குச் சீட்டு விழும் என்பதற்கு 2024 மே மாதமே அத்தாட்சி.

நாங்குநேரியில் அரசு பஸ்சில் ஏறிய ஒரு போலீஸ்காரர் டிக்கெட் எடுக்க மறுத்தார். கண்டக்டருடன் வாக்குவாதம். வாரண்டு இருந்தால்தான் போலீசாருக்கு இலவசம் என்று போக்குவரத்துத் துறை சொன்னது. அவ்வளவுதான்... அடுத்த சில நாட்களில் பல ஊர்களில் அரசு பஸ்களைத் தேடித் தேடி அபராதம் போட்டார்கள். நோ பார்க்கிங், சீட் பெல்ட் என்று காரணம் வரிசையாக வந்தது. கடைசியில் மேலதிகாரிகள் பேசி சமரசம் செய்தார்கள். போலீஸ்காரரும் கண்டக்டரும் கை குலுக்கிக் கொண்டார்கள்.

சமரசம் நல்லதுதான். ஆனால் கோபம் வந்தால் சீட்டு, கோபம் தணிந்தால் சீட்டு இல்லை என்றால் பயணிக்கு என்ன பாதுகாப்பு?

டிரைவர் ஏன் பறக்கிறார்?

டிரைவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. "டைமுக்குப் போகலைன்னா டைம் கீப்பர் கேக்கிறார். டிரிப் கட் ஆனா விளக்கம் கேக்கிறாங்க. சிக்னல்ல நின்ன நேரத்தை யார் குடுப்பாங்க?" என்பது அவர்கள் புலம்பல். மெட்ரோ ரெயில் வேலைக்காக ரோட்டைச் சுருக்கிய இடங்களில் ஊர்ந்து வந்த பஸ், காலி ரோட்டைக் கண்டதும் பறக்கிறது.

இதற்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது. பலருக்குத் தெரியாத சங்கதி இது. வேக வரம்பை மீறாமல் ஓட்டி முடிக்கவே முடியாத நேர அட்டவணையை ஒருவர் போட்டுக் கொடுத்தால், அப்படி கோர்ட்டு கருதினால், அந்த அட்டவணையே அதைப் போட்டவருக்கு எதிரான முதல் சாட்சி! ஊழியரை வேகமாக ஓட்ட வைத்த முதலாளிக்கும் அதே அபராதம்.

தனியார் பஸ் முதலாளியோ, கம்பெனி பஸ் காண்டிராக்டரோ, அரசு அதிகாரியோ, யாருக்கும் இதில் விலக்கு இல்லை. ஆனால் ரோட்டில் மாட்டுவது ஸ்டீயரிங் பிடித்தவர் மட்டும்தான். வேகத்துக்காக லைசென்சைக் குறைந்தது 3 மாதம் நிறுத்தி வைக்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு அமைத்த சாலைப் பாதுகாப்பு கமிட்டி 2015-ல் மாநிலங்களுக்குச் சொன்னது. மற்றவர்களுக்கு அது தொல்லை. பஸ் டிரைவருக்கு அது பிழைப்பு.

லாபம் 2 நிமிடம்

பறந்து என்ன லாபம்? 10 கிலோ மீட்டர் தூரத்தை 50-ல் போனால் 12 நிமிடம். 60-ல் போனால் 10 நிமிடம். மிச்சம் 2 நிமிடம். அடுத்த சிக்னலில் அதுவும் போச்சு!

நஷ்டம் பெரிது. 60-ல் போகும் பஸ் ஒரு வினாடிக்குள் சுமார் 17 மீட்டர் ஓடி விடுகிறது. பிரேக் போட்டபின் நிற்க, 50-ல் வருவதைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு தூரம் வேண்டும். குறுக்கே வருகிற பள்ளிக்கூடப் பிள்ளைக்கு அந்தத் தூரம்தான் உயிர். படிக்கட்டில் நிற்கிறவருக்கும் அப்படியே.

பயணிகளும் ஒன்று செய்யலாம். பஸ் நம்பர், ரூட் நம்பர், இடம், நேரம் நான்கையும் குறித்து டெப்போவுக்கு எழுதலாம். அதை வைத்து கோர்ட்டில் தண்டிக்க முடியாது. ஆனால் நிர்வாகம் விசாரிக்கலாம். ஒரே ரூட்டில், ஒரே நேரத்தில் பத்துப் புகார் வந்தால் கோளாறு டிரைவரிடம் மட்டும் இல்லை, டைம் ஷீட்டிலும் இருக்கிறது என்று புரிந்து விடும்.

அண்ணா சாலை ஸ்கூட்டர்காரர் கேட்டதற்குப் பதில் இதுதான்: பஸ்சையும் பிடிக்கலாம். பிடிக்கும்போது, அந்த டைம் ஷீட்டைப் போட்டவரையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.