எடுத்து வைத்த துண்டு

இத்தாலி தேசத்தின் வடபாகத்திலுள்ள மிலான் நகரத்தாருக்குக் கிறிஸ்துமஸ் பண்டிகை என்றால் 'பானெத்தோனே' என்னும் இனிப்பு ரொட்டி இருந்தே தீரவேண்டும். உச்சி உருண்டு உயர்ந்து நிற்கும் இந்த ரொட்டியில் கோதுமை மாவும் வெண்ணெயும், முட்டையின் மஞ்சட்கருவும் சர்க்கரையும், உலர்ந்த திராக்ஷையும், பாகில் ஊறிய ஆரஞ்சு, நாரத்தைத் தோல்களும் சேர்ந்திருக்கும்.

ஸாமக்கிரியைகளைக் காட்டிலும் பக்குவமே இதில் பெரிது. நாம் பாலுக்கு உறை ஊற்றுவதுபோல், அவர்கள் பழைய புளித்த மாவைப் புது மாவில் சேர்த்துப் பொங்க வைக்கிறார்கள். பிசைவதும் பொங்குவதுமாக ஒரு நாளுக்கு மேல் சென்றுவிடும். வெந்தெடுத்த ரொட்டி தன் பாரத்தாலேயே அமுங்கிவிடாதபடி, ஆறும் வரையில் அதைத் தலைகீழாகத் தொங்கவிடுகிறார்கள். இத்தனை சிரமப்படுவதன் பலன், ரொட்டி பஞ்சு போல் இருப்பதோடு பல வாரங்கள் கெடாமலும் இருப்பதுதான்.

பிரபு ஒருவரின் விருந்தில் பலகாரம் கருகிப் போகவே, டோனி என்ற சமையற்கூடச் சிறுவன் மிஞ்சிய மாவைக் கொண்டு இதைச் செய்தான் என்றும், 'டோனியின் ரொட்டி' என்பதே பெயராயிற்று என்றும் ஒரு கதை வழங்குகிறது. கதை ரஸமானதுதான், ஆனால் பெயருக்குப் 'பெரிய ரொட்டி' என்பதே நேர்ப் பொருள்.

முன்னாளில் இது உயரம் குறைந்த ரொட்டியாகவே இருந்தது. 1919-ம் ஆண்டில் மிலானில் தொழில் தொடங்கிய ஆஞ்சலோ மோட்டா என்பவர்தாம், சுற்றிலும் காகிதம் கட்டி இதை உயரமாக வளரச் செய்து பிரசித்தப்படுத்தினார். அதன்பின் ஆலைகள் வந்தன. தேசம் முழுவதும் பரவியது. இந்நாளில் வீட்டில் செய்வோர் சிலரே, வாங்குவோரே பெரும்பாலோர். ஆயினும் பெயரைக் கண்டபடி வழங்க அவர்கள் இடங்கொடுக்கவில்லை. வெண்ணெய் நூற்றுக்கு 16 பங்குக்கும், திராக்ஷையும் பழத்தோலும் சேர்ந்து 20 பங்குக்கும் குறைந்தால் 'பானெத்தோனே' என்று விற்கலாகாதென்று இத்தாலிய சர்க்கார் 2005-ம் ஆண்டில் விதி செய்தது.

சட்டம் ரொட்டியைக் காப்பாற்றும். பண்டிகையைக் காப்பாற்றுவது எது? மிலான் குடும்பங்களில் கிறிஸ்துமஸ் ரொட்டியில் ஒரு துண்டை எடுத்து வைப்பார்கள். பிப்ரவரி 3-ந் தேதி ஸான் பியாஜோ என்னும் மகானின் திருநாள். தொண்டையில் மீன்முள் சிக்கித் தவித்த சிறுவனை அவர் பிழைப்பித்தார் என்பது ஐதிகம். அன்று காலையில் அந்தத் துண்டை எல்லோரும் பகிர்ந்து உண்டால் வருஷம் முழுவதும் தொண்டை நோய் அணுகாது என்பது நம்பிக்கை.

காய்ந்த ரொட்டிக்கும் தொண்டைக்கும் என்ன ஸம்பந்தம் என்று வைத்தியர்கள் நகைக்கலாம். கடைக்காரர்களோ, மிஞ்சிய சரக்கை அன்று மலிவாக விற்றுக் காசாக்கிக்கொள்கிறார்கள். எடுத்து வைக்க மறந்தவர்களுக்கு அதுவும் ஓர் உபகாரந்தான். ஆனால் இரண்டும் ஒன்றாகிவிடுமா? கடையில் வாங்கிய ரொட்டி எல்லார் வீட்டிலும் ஒன்றே. பண்டிகை நாளில், ஆசையோடு கைநீட்டும் குழந்தைகளிடம், "இது பிப்ரவரிக்கு" என்று சொல்லித் தாய் ஒரு துண்டை மூடி வைக்கிறாளே, அப்போதுதான் அது அந்த வீட்டு ரொட்டியாகிறது. ஆலை எவ்வளவு வளர்ந்தாலும், இந்த ஒரு காரியத்தை வீட்டாருக்காக அது செய்து கொடுக்க முடியாது.