கனவில் வரும் தேர்

நாம் வாழும் உலகமே யாரோ இயக்கும் கணினிக்குள் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரல்தான் என்ற பேச்சு, கல்லூரி விடுதிகளில் இப்போது சர்வசாதாரணமாகிவிட்டது. 1999-ல் ‘மேட்ரிக்ஸ்’ படம் வந்தபோது அது வெறும் கதை. 2003-ல் ஆக்ஸ்போர்டுத் தத்துவவாதி நிக் போஸ்ட்ராம் அதை ஒரு வாதமாக எழுதினார். 2016-ல், நாம் இருப்பது அசல் உலகமாக இருக்க நூறு கோடிகளில் ஒரு வாய்ப்புதான் உண்டு என்று ஈலான் மஸ்க் மேடையிலேயே சொன்னார். கோயில் வாசலை மிதிக்காத பிள்ளைகள்கூட இதை நம்புகிறார்கள். இதுவும் ஒரு நம்பிக்கைதான் என்பதால், மற்ற நம்பிக்கைகளிடம் கேட்கும் கேள்வியை இதனிடமும் கேட்கலாம்: இதை நம்புகிறவர் எப்படி வாழ்வார்?

போஸ்ட்ராம் மஸ்க் அளவுக்குப் போகவில்லை. மூன்றில் ஒன்று உண்மையாக இருந்தே தீரும் என்பதுதான் அவர் வாதம். நம்மைப் போன்ற நாகரிகங்கள் அந்தத் தொழில்நுட்பத்தை எட்டுமுன்பே அழிந்துபோகும். அல்லது, எட்டினாலும் முன்னோர் வாழ்க்கையைக் கணினியில் நிகழ்த்திப் பார்ப்பதில் அவற்றுக்கு ஆர்வம் இருக்காது. இரண்டும் இல்லையென்றால், செய்துவைத்த உலகங்கள் அசலைவிடப் பல மடங்கு பெருகியிருக்கும். நாமும் அவற்றில் ஒன்றுக்குள் இருப்பதாகவே கொள்ள வேண்டும். அந்தக் கட்டுரையிலேயே இன்னொன்றையும் அவர் சொல்கிறார். அப்படி ஓர் உலகை இயக்குகிறவர்கள் அதில் வாழ்பவர்களுக்கு ஒருவகையில் தெய்வங்களைப் போன்றவர்கள்: படைத்தவர்கள், நடப்பதையெல்லாம் பார்க்க வல்லவர்கள், இயற்கை விதியை மீற வல்லவர்கள். அவர்களையும் மேலேயிருந்து வேறு யாரேனும் இயக்கிக்கொண்டிருக்கலாம்.

இதைப் படித்ததும், ‘மாயை என்று நம் முன்னோர் அன்றே சொல்லிவிட்டார்கள்’ என்று வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறார்கள். மாயையைப் பேசிய அத்வைதி சங்கரரை இப்படிச் சுருக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. போஸ்ட்ராமின் கணக்கில் திரைக்குப் பின்னால் இன்னோர் உலகம் உண்டு. அங்கேயும் இயந்திரங்கள் உண்டு, அவற்றை இயக்கும் ஆட்கள் உண்டு. சங்கரர் சொல்லும் விழிப்பிலோ இரண்டாவது என்று எதுவும் மிஞ்சுவதில்லை.

இந்த விவாதத்தில் எனக்குத் துணையாகத் தெரிபவர் இராமானுசர். 1017-ல் ஸ்ரீபெரும்புதூரில் பிறந்தவர் என்று மரபு சொல்லும். பிரம்ம சூத்திரத்துக்கு அவர் எழுதிய ஸ்ரீபாஷ்யத்தில் கனவைப் பற்றி ஒரு பகுதி வருகிறது. கனவில் தேரும் குதிரையும் பாதையும் தோன்றுகின்றன, விழித்ததும் காணோம். அவை பொய்யா? பொய்யல்ல என்கிறார். அந்த ஒருவர் மட்டும், அந்தச் சிறிது நேரம் மட்டும், தம் வினைக்கேற்ப அனுபவிப்பதற்காக இறைவன் படைத்த பொருள்கள் அவை. பக்கத்தில் படுத்திருப்பவருக்கு அவை தெரியாது. அதனாலேயே அவை பொய்யாகிவிடாது. நனவுலகம் அதைவிட உறுதியானது. அது இறைவனின் உடலாகவே இருக்கிறது.

இதை முதன்முதலாகப் படித்தபோது நூலை மூடிவைத்துவிட்டு வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். ஒன்றை ஒருவர் படைத்தார் என்பதால் அது போலியாகிவிடுமா என்பதுதானே கணினி உலகம் பற்றிய பேச்சின் அடிக்கேள்வி? தத்துவவாதி டேவிட் சால்மர்ஸ் 2022-ல் வெளியிட்ட நூலில் இதே கேள்விக்குத்தான் வருகிறார். நாம் கணினிக்குள் இருந்தாலும் நம் மேசையும் மரமும் மெய்யானவையே. அணுவுக்கும் அடியில் தகவல் இருக்கிறது என்பது மட்டுமே புதுச் செய்தி என்கிறார். அப்படி ஓர் உலகைச் செய்தவரை ஒருவகைக் கடவுள் என்று சொல்லலாம், ஆனால் வணங்கவேண்டிய காரணம் ஏதும் இல்லை என்பதும் அவர் கருத்து. அதை நான் முழுமனதோடு ஒப்புக்கொள்கிறேன். செய்தவர் என்பதற்காக மட்டும் எவரையும் கும்பிட முடியாது.

பொருளியல் அறிஞர் ராபின் ஹான்சன் 2001-லேயே, இப்படிப்பட்ட உலகில் எப்படி வாழ்வது என்று ஒரு கட்டுரை எழுதினார். நிகழ்த்துகிறவர்கள் செலவைக் குறைக்கப் பார்ப்பார்கள், சலித்தால் நிறுத்தியும்விடலாம். அருகில் இருப்பவர்களில் பலர் உள்ளே உணர்வற்ற வெறும் உருவங்களாகவும் இருக்கலாம். எனவே மற்றவர்களைப் பற்றிய கவலையைக் குறைத்துக்கொள், இன்றைக்காக வாழ், பார்ப்பவருக்குச் சுவாரசியமாக இரு, பக்கத்தில் இருக்கும் பிரபலங்களை மகிழ்வித்து வை. அவர் இதைத் தர்க்கமாகத்தான் அடுக்குகிறார், நானும் தர்க்கத்தில் குறை காணவில்லை. அந்தப் படைப்பாளரை ஏற்றுக்கொண்டால் இந்த அறம்தான் கிடைக்கும். அதுதான் என்னைக் கலங்க வைக்கிறது. எதிரே அழுகிறவர் உண்மையிலேயே அழுகிறாரா என்ற ஐயத்தோடு ஒரு தலைமுறை வளர்ந்தால், அந்த ஐயத்தை முதலில் சுமக்கப்போகிறவர்கள் ஏற்கெனவே யார் கண்ணுக்கும் படாமல் இருக்கிற ஏழைகள்தான்.

இராமானுசரின் சீடர் கூரத்தாழ்வானைப் பற்றி வைணவ உரைகாரர்கள் ஒரு நிகழ்ச்சி சொல்வார்கள். பாம்பின் வாயில் சிக்கிய தவளை ஒன்று கத்துவதைக் கேட்டார். யார் அறிய இது இப்படிக் கூப்பிடுகிறது என்று நினைத்து அப்படியே மயங்கிவிட்டார். தவளைக்கு உள்ளே உணர்வு உண்டா என்று அவர் கேட்கவில்லை. அதன் குரலைக் கேட்பவன் ஒருவன் இருந்தாக வேண்டும் என்பதுதான் அவரை உலுக்கியது. செலவைக் குறைக்க நினைக்கும் எந்த நிரலிலும் முதலில் வெட்டப்படுவது அந்தத் தவளையின் வலியாகத்தான் இருக்கும்.

உலகம் கணினியில் ஓடுகிறதா இல்லையா என்பதை இயற்பியலாளர்கள் ஆராயட்டும். 2012-ல் மூன்று இயற்பியலாளர்கள், விண்வெளியிலிருந்து வரும் அதி ஆற்றல் கதிர்களில் அதற்கான தடயத்தைத் தேடலாம் என்று வழியும் சொன்னார்கள். தடயம் கிடைத்தாலும் என் வழிபாடு மாறாது. செய்தவர் யார் என்று தெரிந்துகொள்ள நான் சன்னிதியில் நிற்பதில்லை. கூப்பிட்டால் கேட்பவன் ஒருவன் உண்டு, அவன் தவளைக்கும் உண்டு என்று நம்பித்தான் நிற்கிறேன்.