காட்டை அளக்கும் இஞ்சு டேப்

சைக்கிளின் தாத்தாவைக் கண்டுபிடித்தவர் யார் தெரியுமா? ஒரு ஃபாரஸ்ட் ஆபீசர்! ஜெர்மனியின் பாடன் பகுதியில் வன இலாகா உத்தியோகத்தில் இருந்த கார்ல் டிரைஸ். 1817 ஜூன் 12-ம் தேதி, இரண்டு மரச் சக்கரங்கள் வைத்த ஒரு வண்டியில் உட்கார்ந்து, தரையைக் காலால் உந்தி உந்தியே மன்ஹைம் நகரிலிருந்து பல கிலோமீட்டர் போய்த் திரும்பினார். பெடலெல்லாம் பிறகு வந்த சமாசாரம். அந்த டிசம்பரிலேயே, நடைபாதையில் இதை ஓட்டக் கூடாது என்று மன்ஹைமில் உத்தரவு போட்டுவிட்டார்கள். வண்டி பிறந்து ஆறு மாசத்தில் தடையும் பிறந்துவிட்டது.

மன்ஹைம் இன்று பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் இருக்கிறது. உலகமே கொண்டாடும் 'பிளாக் ஃபாரஸ்ட்' காடும் அங்கேதான். அந்த மாநிலத்தின் வனச் சட்டத்தில் 1995-ல் ஒரு வரியைச் சேர்த்தார்கள். காட்டுக்குள் 2 மீட்டருக்குக் குறைவான அகலம் உள்ள பாதையில் சைக்கிள் ஓட்டக் கூடாது. முடிந்தது கதை. வன அதிகாரிகள் அங்கங்கே விதிவிலக்கு தரலாம், மற்றபடி தடைதான். சைக்கிளுக்குப் பிள்ளையார் சுழி போட்ட ஃபாரஸ்ட் ஆபீசரின் சொந்தக் காட்டில், சைக்கிளை இஞ்சு டேப் வைத்து மறிக்கிறார்கள்.

2013-ல் இதை எதிர்த்து மவுன்டன் பைக் ஓட்டுபவர்கள் ஒரு மனு தயாரித்தார்கள். 50 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்துப் போட்டார்கள். சட்டமன்றம் அசையவில்லை.

தடைக்கு இரண்டு காரணம் சொல்கிறார்கள். ஒன்று, நடந்து போகிறவர்களின் பாதுகாப்பு. இரண்டு, காட்டின் ஆரோக்கியம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் பாதுகாப்பு. மவுன்டன் பைக்காரர்கள் உயிரை விடுவது ஒற்றையடிப் பாதைக்காக. குறுக்கே வேர் ஓடும். நடுவே பாறை துருத்திக்கொண்டு நிற்கும். படி மாதிரி ஓர் இறக்கம், அது முடிவதற்குள் ஊசி முனை வளைவு. கடினத்தைச் சொல்ல எஸ்-0 முதல் எஸ்-5 வரை ஒரு தர வரிசையே ஜெர்மனியில் உண்டு. எஸ்-4 அளவு வளைவு என்றால், முன் பிரேக்கைப் பிடித்து, பின் சக்கரத்தை மட்டும் தூக்கி நகர்த்தி வைத்துத்தான் திரும்ப முடியும். அப்படிப்பட்ட இடத்தில் என்ன வேகம் வரும்? நடக்கிற வேகம். சில சமயம் அதுவும் வராது.

இப்போது சட்டம் அனுமதிக்கும் அகலப் பாதைக்கு வாருங்கள். மரம் ஏற்றும் லாரிக்காகப் போட்ட ஜல்லி ரோடு. நேர் இறக்கம். பிரேக்கை விட்டால் 40 கிலோமீட்டர் வேகம் சர்வசாதாரணம். குழந்தைகளும் தாத்தா பாட்டிகளும் நடப்பது பெரும்பாலும் இந்த ரோட்டில்தான். ஆக, மெதுவாகப் போக வைக்கும் பாதையில் தடை, விரட்டிப் போக வைக்கும் பாதையில் அனுமதி. இதற்குப் பெயர் பாதுகாப்பாம்!

அடுத்து, காடு. சைக்கிள் டயர் மண்ணை அரிக்கிறது என்கிறார்கள். அரிக்கத்தான் செய்கிறது. செருப்புக் காலும் அரிக்கிறது, குதிரைக் குளம்பும் அரிக்கிறது. அமெரிக்காவின் மொன்டானாவில் இதைச் சோதித்து 1994-ல் முடிவை வெளியிட்டார்கள். குதிரையும் மனிதக் காலும் சக்கரங்களைவிட அதிகமாக மண்ணைப் பெயர்த்தன. உண்மையான வில்லன் மழைத் தண்ணீர். பாதை நேராக மலையிலிருந்து கீழே இறங்கினால், யார் போனாலும் போகாவிட்டாலும் அது ஓடையாகிவிடும். சரிவைக் குறுக்காக வெட்டி, வெளிப்பக்கம் லேசாகச் சாய்த்து, நடுநடுவே ஒரு சின்ன ஏற்றம் வைத்தால் தண்ணீர் வெளியே வடிந்துவிடும். பாதையின் ஆயுளைத் தீர்மானிப்பது இந்த வேலைதான். அகலம் இல்லை.

இன்னொன்று. அதே காட்டில் மரம் வெட்டும் ஹார்வெஸ்டர் இயந்திரங்கள் போகின்றன. பல டன் எடை. அவை போன தடத்தில் மழைக்காலத்தில் முழங்கால் அளவு சேறு நிற்கும். அது வனத்துறை வேலை, தவறில்லை. 15 கிலோ சைக்கிள் போனால் மட்டும் காடு அழிந்துவிடுமா?

எதிர்த் தரப்பில் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். 1864-ல் தொடங்கிய பிளாக் ஃபாரஸ்ட் நடைப்பயணச் சங்கத்தின் தொண்டர்கள் சம்பளம் இல்லாமல் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பாதைகளைப் பராமரிக்கிறார்கள். அவர்கள் சீர் செய்த பாதையில் ஒருத்தன் பின் சக்கரத்தை லாக் செய்து தேய்த்துக்கொண்டு போனால் கோபம் வராதா? வரும். வரணும். விலங்குகள் விஷயமும் லேசானதல்ல. அமெரிக்காவின் ஓரிகனில் செய்த ஆய்வில், நடப்பவர்களைவிட சைக்கிளைக் கண்டுதான் எல்க் மான்கள் அதிகம் விலகிப் போயின. பொழுது சாய்ந்த பிறகு ஹெட்லைட் போட்டுக்கொண்டு காட்டுக்குள் ஓட்டுகிறவர்களை எந்த மானும் மன்னிக்காது. நானும்தான்.

ஆனால் இந்தக் குற்றங்களில் எதையாவது 2 மீட்டர் விதி தடுக்கிறதா? இரவில் ஓட்டாதே என்கிறதா? குட்டி போடும் பருவத்தில் இந்தப் பக்கம் வராதே என்கிறதா? நடப்பவருக்கு வழி விடு என்கிறதா? இந்த விதிக்குத் தெரிந்ததெல்லாம் அகலம். 1.90 மீட்டர் பாதையில் பிள்ளையோடு மெதுவாகப் போகும் அப்பா குற்றவாளி. 2.10 மீட்டரில் தலைதெறிக்கப் பறப்பவன் இந்த விதியின் கணக்கில் யோக்கியன்!

இதன் பலன் என்ன? ஓட்டுகிறவர்கள் நிறுத்தவில்லை. எப்படியும் குற்றவாளிதான் என்று ஆன பிறகு, பொதுப்பாதையில் பயந்து பயந்து போவதைவிட யாரும் வராத மூலையில் ராத்திரியோடு ராத்திரியாக மண்வெட்டியால் ஒரு பாதை போட்டுக்கொள்ளலாம் என்று சிலருக்குத் தோன்றுகிறது. யாரும் வராத மூலை எது? மான் படுக்கிற இடம். காட்டைக் காப்பாற்றப் போட்ட சட்டம், ஆட்களைக் காட்டின் படுக்கையறைக்குள் தள்ளிவிடுகிறது.

மாற்று வழி இல்லாமல் இல்லை. பக்கத்து மாநிலமான பவேரியாவில், காட்டுக்குள் உலாவும் உரிமை 1946-ம் ஆண்டு அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. சைக்கிளைப் பொறுத்தவரை, பாதை அதற்கு ஏற்றதா என்றுதான் பார்க்கிறார்கள். ஸ்காட்லாந்தில் 2003-ல் சட்டம் போட்டார்கள். நிலத்திலும் காட்டிலும் நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் எல்லோருக்கும் உரிமை உண்டு. நிபந்தனை ஒன்றுதான்: பொறுப்பாக நடந்துகொள்ளணும். இஞ்சு டேப்பை மடித்து வைத்துவிட்டு, ஆளின் நடத்தையைப் பார்த்தார்கள். கிளென்ட்ரெஸ் காட்டில் அரசே பாதை வெட்டி, கடினத்துக்கு ஏற்றபடி நிறம் கொடுத்து அடையாளம் போட்டது. 2023-ல் உலக சாம்பியன்ஷிப் அங்கே நடந்தது. காடு அங்கேயேதான் இருக்கிறது, யாரும் தூக்கிக்கொண்டு போகவில்லை.

பாடன்-வூர்ட்டம்பெர்க்கிலேயே ஃபிரைபர்க் நகரச் சங்கத்தினர் அனுமதி வாங்கி மலையில் பாதை அமைத்துப் பராமரிக்கிறார்கள். விதிவிலக்கு இவ்வளவு நன்றாக வேலை செய்யும்போது விதி எதற்கு?

யானையும் புலியும் உலவும் காட்டுக்கு இந்த வாதத்தை அப்படியே தூக்கி வராதீர்கள். அங்கே மனிதன் போகவே கூடாத இடங்கள் உண்டு. நான் பேசுவது, நூற்றாண்டுகளாக மனிதன் வெட்டி, நட்டு, நடந்து பழகிய காட்டைப் பற்றி. அங்கே கேள்வி, யாரை உள்ளே விடுவது என்பதல்ல. உள்ளே இருப்பவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதுதான். அதைச் சொல்லித் தரணும், பாதை போட்டுத் தரணும், மீறினால் பிடிக்கணும். எல்லாமே வேலை. டேப் வைத்து அளப்பது சுலபம்.

கார்ல் டிரைஸ் இன்று தன் மர வண்டியோடு அந்தக் காட்டுக்கு வந்தால், முதலில் பாதையின் அகலத்தை அளந்து பார்த்துவிட்டுத்தான் ஏறி உட்கார வேண்டும். ஃபாரஸ்ட் ஆபீசர்தானே, இஞ்சு டேப் அவரிடமே இருக்கும்.